ஒலிப்பாடங்கள் வழியாக இத்தாலிய மொழி பேசக் கற்றல்

ஒலிப்பாடம் என்பது, ஒரு மொழியைக் காதால் கேட்டு, வாயால் திரும்பச் சொல்லிப் பழகுவதற்காகப் பதிவு செய்யப்பட்ட பாடம் ஆகும். ஆசிரியரோ வகுப்பறையோ இல்லாத இடத்திலும் ஒரு மொழியைப் பேசத் தொடங்க இது உதவுகிறது. இத்தாலிய மொழி வகுப்புகள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே நடைபெறுகின்றன. எனவே புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் இருந்து இத்தாலிக்குப் படிக்கவோ பணிபுரியவோ செல்ல விரும்புவோர்க்கு, கைபேசியில் கேட்கக்கூடிய ஒலிப்பாடமே பல வேளைகளில் முதல் வகுப்பாக அமைகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இம்முறையில் இத்தாலிய மொழியைக் கற்கும்போது எவை எளிதாக வரும், எவை தடுமாற வைக்கும், ஒலிப்பாடம் எதுவரை உதவும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இக்கட்டுரையில் இத்தாலியச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. அவை தோராயமான ஒலிப்புகளே. சரியான ஒலியைப் பதிவில் கேட்டே அறிய வேண்டும்.

இத்தாலிய மொழி

இத்தாலிய மொழி இலத்தீன் மொழியிலிருந்து தோன்றியது. பிரெஞ்சு, எசுப்பானியம், போர்த்துக்கேயம், உருமேனியம் ஆகியவை இதன் உடன்பிறந்த மொழிகள். தாந்தே எழுதிய புளோரன்சு நகர வழக்கே பிற்காலத்தில் பொது இத்தாலிய மொழிக்கு அடிப்படையாயிற்று. இத்தாலி, சான் மரீனோ, வத்திக்கான் நகரம், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் இது ஆட்சிமொழித் தகுதி பெற்றுள்ளது.

1861-இல் இத்தாலி ஒரே நாடாக இணைந்தபோது, மக்களில் மிகச் சிலரே பொது இத்தாலிய மொழியைப் பேசினர். மற்றவர்கள் தத்தம் வட்டார மொழிகளையே பேசி வந்தனர். பள்ளிக்கூடம், படைத்துறை ஆகியவற்றோடு வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்தே பொது மொழியை நாடெங்கும் பரப்பின. இத்தாலிய அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராய், 1960 முதல் 1968 வரை, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகத் தொலைக்காட்சியில் ஒரு பாட நிகழ்ச்சியை நடத்தியது. அதன் ஆசிரியர் அல்பேர்த்தோ மான்சி. 'இன்னும் காலம் கடந்துவிடவில்லை' என்பது போன்ற பொருள் தரும் பெயர் அந்நிகழ்ச்சிக்கு இருந்தது. இத்தாலியர்களிலேயே பலர் தங்கள் நாட்டின் பொது மொழியை ஒலிபரப்பைக் கேட்டுப் பழகியவர்கள் என்பதால், இம்மொழிக்கும் ஒலிவழிக் கல்விக்கும் பழைய தொடர்பு உண்டு எனலாம்.

தமிழில் நாம் அன்றாடம் வழங்கும் சில சொற்களும் இத்தாலிய மொழியில் தோன்றி, ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தவை. வயலின், பியானோ, ஸ்டுடியோ, பீட்சா, மலேரியா ஆகியவை அவற்றுள் சில. மலேரியா என்பதற்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பது நேர்ப்பொருள்.

புதுக்கோட்டைப் பகுதியும் இத்தாலியும்

புதுக்கோட்டை வட்டாரத்திற்கு இத்தாலியத் தொடர்பு புதிதன்று. 1898-இல் கருக்காக்குறிச்சிப் பகுதியில் சுமார் 500 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துகள் இத்தாலிய மொழியின் தாயான இலத்தீன் மொழியில் அமைந்தவை. உரோமானியருடன் தமிழகத்துக்கு இருந்த கடல் வணிகத்துக்கு இப்புதையல் முக்கியச் சான்றாகக் கருதப்படுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள ஆவூர், மதுரை மறைப்பணித் தளத்தின் பழைய மையங்களுள் ஒன்று. வீரமாமுனிவர் இங்குள்ள தேவாலயத்தில் பணியாற்றியுள்ளார். கான்சுடன்சோ பெசுகி என்பது இவரது இயற்பெயர். 1680-இல் இத்தாலியின் காசுதிலியோனே என்னும் ஊரில் பிறந்த இவர், ஏறத்தாழ 30 வயதில் தமிழகம் வந்து, அதன் பிறகே தமிழ் கற்றார். தேம்பாவணி என்ற காப்பியம், தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம், 1732-இல் முடிக்கப்பட்ட சதுரகராதி ஆகியவை இவர் படைத்தவை.

மொழி கற்போர் வீரமாமுனிவரிடம் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, அவர் பேச்சுத் தமிழையும் இலக்கியத் தமிழையும் தனித்தனியாகக் கற்க வேண்டியவை என உணர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இலத்தீன் மொழியில் தனி இலக்கணம் எழுதினார். பேச்சு வழக்காகிய கொடுந்தமிழுக்கான இலக்கணம் 1728-இல் எழுதப்பட்டது. நூலறிவு மட்டும் இருந்தால் ஊர் மக்களோடு உரையாட முடியாது என்பதே அதன் அடிப்படை. இரண்டாவது, எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் எழுத்தில் தெளிவாக வேறுபடுமாறு அவர் கொண்டுவந்த சீர்திருத்தம். காதில் கேட்கும் வேறுபாடு கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அதில் உள்ளது.

இதில் ஒரு முரணும் உண்டு. அவருடைய தாய்நாட்டு மொழியில் எகரமும் ஒகரமும் வாயைத் திறந்து ஒலிப்பது, குவித்து ஒலிப்பது என இருவகைப்படும். ஆனால் வழக்கமான எழுத்தில் அவ்வேறுபாடு காட்டப்படுவதில்லை. 'பெஸ்கா' என்ற ஒரே எழுத்து வடிவம், எகரத்தைத் திறந்து ஒலித்தால் பீச் பழத்தையும், குறுக்கி ஒலித்தால் மீன்பிடித்தலையும் குறிக்கும். இதைப் புத்தகம் காட்டாது, ஒலிப்பதிவே காட்டும்.

யாருக்குத் தேவைப்படுகிறது

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழியில் நடத்தப்படும் முதுநிலைப் படிப்புகளும், மாநில அளவில் வழங்கப்படும் கல்வி உதவித்தொகைகளும் இந்திய மாணவர்களை ஈர்க்கின்றன. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வகுப்பறைக்கு வெளியே வாழ்க்கை இத்தாலிய மொழியில்தான் நடக்கும். நாட்டுக்குள் நுழைந்த 8 வேலைநாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் அஞ்சலகத்தின் வழியாகவே செல்லும். வாடகை வீடு, மருந்துக்கடை, தொடர்வண்டி அறிவிப்பு என எங்கும் உள்ளூர் மொழி தேவை.

குடியேறி வாழ்வோர்க்கு மொழி ஒரு சட்டத் தேவையும் ஆகும். ஐரோப்பிய அவை வகுத்த மொழித்திறன் அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் உள்ளன. நீண்டகாலத் தங்கும் அனுமதி பெற ஏ2 படி தேவை என்ற விதி 2010 முதல் நடைமுறையில் உள்ளது. திருமணம் அல்லது நீண்டகால வாழ்வின் அடிப்படையில் குடியுரிமை பெறப் பி1 படி தேவை என 2018-இல் சட்டம் ஆக்கப்பட்டது.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இலங்கைத் தமிழர் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். அந்நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குக் கத்தோலிக்கத் தமிழர் மட்டுமன்றி இந்துத் தமிழரும் சென்று வழிபடுகின்றனர். வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டுள்ளோர் அங்கே பலர். இத்தகைய பணியில் எழுத்தை விடப் பேச்சே முதலில் வேண்டும். 'எத்தனை மாத்திரை' என்பதையும் 'எப்போது மாத்திரை' என்பதையும் மாற்றிப் புரிந்துகொண்டால் ஒரு முதியவரின் உடல்நலமே பாதிக்கப்படலாம். இவ்விரு வினாச்சொற்களும் தமிழர் காதுக்கு ஏன் ஒன்றுபோல் தோன்றும் என்பது பின்னர் விளக்கப்படுகிறது.

ஒலிப்பாடங்களின் வளர்ச்சி

தாமசு ஆல்வா எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கிய பின், அதை மொழிக் கல்விக்குப் பயன்படுத்தும் முயற்சிகள் தொடங்கின. 1901-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட லிங்குவாபோன் நிறுவனம் மெழுகு உருளைகளிலும் பின்னர் இசைத்தட்டுகளிலும் மொழிப்பாடங்களை விற்றது. 1929-இல் பிரான்சில் தோன்றிய அசிமில் நிறுவனம், நாள்தோறும் ஒரு சிறு உரையாடலைப் படித்துக் கேட்கும் முறையைப் பரப்பியது. இன்று வழங்கும் ஒலிப்பாடங்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. கேட்டுச் சொல்லும் பாடம்: ஒரு தொடரைக் கேட்டு, இடைவெளியில் அப்படியே திரும்பச் சொல்வது. ஒலிப்புப் பயிற்சிக்கு ஏற்றது.

2. நினைவுகூரும் பாடம்: பால் பிம்சுலர் என்ற அமெரிக்க மொழியியலாளர் வகுத்தது. பாடம் சுமார் 30 நிமிடம் நீளும். 'இதை எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்டுவிட்டு, கற்பவர் விடை சொல்ல நேரம் தந்து, பின்னரே சரியான விடையை ஒலிக்கும்.

3. தொடர் கட்டும் பாடம்: மிஷேல் தாமசு என்ற ஆசிரியரின் முறை. இரண்டு மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்துவதை நாமும் மூன்றாவது மாணவராகக் கேட்கிறோம். மனப்பாடத்துக்குப் பதிலாக, சிறு உறுப்புகளைச் சேர்த்துப் பெரிய தொடர்களை அமைக்கப் பழக்குவது. லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்ற இலவசத் திட்டமும் இதை ஒத்த வழியைப் பின்பற்றுகிறது. அதில் இத்தாலிய மொழிக்கும் பாடம் உண்டு.

4. கேட்பு நிகழ்ச்சி: மெதுவாகப் பேசப்படும் செய்தி, கதை, உரையாடல் போன்றவை. அடிப்படைப் பாடம் முடிந்த பின் பயன் தருவது.

நினைவுகூரும் முறை எவ்வாறு செயல்படுகிறது

புதிய சொல் ஒன்றைக் கேட்ட சில வினாடிகளிலேயே மறதி தொடங்கிவிடும். மறக்கும் தறுவாயில் அதை மீண்டும் நினைவுக்கு இழுத்தால், அடுத்த முறை அது சற்று நீண்ட நேரம் நிற்கும். இந்த அடிப்படையில் பிம்சுலர் 1967-இல் ஓர் இடைவெளி அட்டவணையை வெளியிட்டார். 5 வினாடி, 25 வினாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு என்பவை அவர் தந்த இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியும் முன்னதைப் போல் சுமார் ஐந்து மடங்கு.

முதல் நான்கு இடைவெளிகளைப் பாடமே பார்த்துக்கொள்ளும். மற்றவை கற்பவரின் பொறுப்பு. காலையில் கேட்ட பாடத்தை மாலையிலும் மறுநாளும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது இதனால்தான் தேவையாகிறது. விடையைப் பதிவு சொல்லும் முன், தானே வாய்விட்டுச் சொல்வது இம்முறையின் உயிர்நாடி. பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், பாடம் புரிந்தது போன்ற உணர்வு வரும், பேச்சு வராது.

தமிழருக்கு எளிதாக வருபவை

ஒலிப்பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுவோர்க்காகத் தயாரிக்கப்பட்டவை. ஆங்கிலேயர்க்குக் கடினமாக இருப்பதால் அவற்றில் நீட்டி விளக்கப்படும் பல செய்திகள், தமிழருக்கு இயல்பாகவே வரும்.

இரட்டை மெய்: பலி–பல்லி, கனி–கன்னி ஆகியவற்றின் வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தையும் அறியும். இத்தாலிய மொழியிலும் அவ்வாறே. 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து. 'நோனொ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னொ' என்றால் தாத்தா. 'ஆண்டு' என்று பொருள்படும் 'அன்னொ' என்ற சொல்லில் இரட்டை ஒலியை விட்டுவிட்டால், அவையில் சொல்லக்கூடாத சொல்லாகிவிடும். வயதைச் சொல்லும்போது இது தேவைப்படும்.

த, ஞ ஒலிகள்: ஆங்கிலச் சொற்களை நாம் 'ட' ஒலியோடு சொல்லிப் பழகியுள்ளோம். இத்தாலிய மொழியில் நாவின் நுனி பல்லைத் தொடும் 'த' ஒலியே உண்டு, 'ட' இல்லை. தக்காளி 'பொமொதோரொ' ஆகும். 'ஐயா' எனப் பொருள்படும் 'சிஞ்ஞோரெ', குளியலறையைக் குறிக்கும் 'பாஞ்ஞொ' ஆகியவற்றில் வருவது நம் ஞகரமே.

வினை விகுதி: தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' என்பது விளங்கும். இத்தாலிய வினையும் அப்படித்தான். பார்லொ (பேசுகிறேன்), பார்லி (பேசுகிறாய்), பார்லா (பேசுகிறார்), பார்லியாமொ (பேசுகிறோம்), பார்லாத்தெ (பேசுகிறீர்கள்), பார்லனொ (பேசுகிறார்கள்) என விகுதியே ஆளைக் காட்டும். 'நான்' என்பதற்கான சொல்லை ஒவ்வொரு தொடரிலும் சேர்க்கத் தேவையில்லை.

மரியாதை வழக்கு: நண்பரிடமும் சிறுவரிடமும் 'தூ', பெரியவரிடமும் அறியாதவரிடமும் 'லேய்' என இரு வழக்குகள் உண்டு. இவை நம் நீ, நீங்கள் போன்றவை. 'லேய்' வழக்கில் படர்க்கை ஒருமை வினையே வரும் என்பது மட்டும் புதிது.

'எனக்கு' அமைப்பு: 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது இத்தாலிய மொழியில் 'மி பியாச்செ இல் கஃப்பே' ஆகும். 'மி' என்பதே 'எனக்கு'. ஆங்கிலம் வழியாக யோசித்தால் இது தலைகீழாகத் தோன்றும். தமிழிலிருந்து நேராக யோசித்தால் சிக்கலே இல்லை. 'இங்கே வலிக்கிறது' என்பதற்கு 'மி ஃபா மாலெ குவி' என்பார்கள். அதிலும் 'எனக்கு' முன்னே நிற்கிறது.

தமிழரைத் தடுமாற வைப்பவை

மெல்லினத்தை அடுத்த வல்லினம்: தமிழில் 'பந்து', 'பங்கு', 'பம்பு' என மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாகவே மென்மையாக ஒலிக்கும். அங்கே வன்மையாக ஒலிக்கும் பழக்கம் நமக்கு இல்லை. இத்தாலிய மொழியில் இரண்டும் வரும், பொருளும் மாறும். 'குவாந்தொ' என்பதில் தகரம் மென்மையாக ஒலித்தால் 'எப்போது'. 'குவாந்த்தொ' என வன்மையாக ஒலித்தால் 'எவ்வளவு'. மாத்திரை பற்றி முன்னர்க் குறிப்பிட்ட குழப்பம் இதனால்தான் வருகிறது. தமிழர் எடுத்த எடுப்பிலேயே தனியாகப் பயில வேண்டிய ஒலி வேறுபாடு இதுவே.

சொல்லின் இடையில் தனி வல்லினம்: 'அது', 'அகம்' என்பவற்றில் வல்லினம் மெலிகிறது. இத்தாலிய மொழியில் தாகத்தைக் குறிக்கும் சொல்லில் தகரம் தனித்து நின்றாலும் வன்மை குறையாது. முன்னுள்ள உயிர் மட்டும் நீளும். ஏழு என்ற எண்ணில் உயிர் குறுகி, தகரம் இரட்டிக்கும். இவ்விரு சொற்களையும் பதிவில் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு விளங்கும்.

சொல் அழுத்தம்: தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. இத்தாலிய மொழியில் மாறும். 'பார்லொ' என்பதில் முதலசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. அதேபோல் 'பாபா' என முதலில் அழுத்தினால் திருத்தந்தை, இறுதியில் அழுத்தினால் அப்பா.

பொருள்களுக்கும் பால்: தமிழில் மேசையும் புத்தகமும் அஃறிணை. இத்தாலிய மொழியில் புத்தகம் ஆண்பால், வீடு பெண்பால். அதற்கேற்ப முன்னிற்கும் சுட்டுச்சொல்லும் அடைமொழியும் மாறும். சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாமல், 'இல் லீப்ரொ', 'லா காசா' எனச் சுட்டுச்சொல்லோடு சேர்த்தே பழகுவது நல்லது.

சொல் வரிசை: நாம் வினையை இறுதியில் வைக்கிறோம். வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின் சேர்க்கிறோம். இத்தாலிய மொழியில் வினை நடுவில் வரும், உருபுக்கு நிகரான சொல் பெயருக்கு முன் வரும். 'இந்தியாவிலிருந்து வருகிறேன்' என்பது 'வெங்கொ தால்லிந்தியா' ஆகும். அதாவது 'வருகிறேன், இலிருந்து இந்தியா' என்ற வரிசை.

வயதும் பசியும்: 'எனக்கு' அமைப்பு எல்லா இடத்திலும் பொருந்தாது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதை 'பசி கொண்டிருக்கிறேன்' என்ற பொருளில் 'ஓ ஃபாமெ' என்பார்கள். 'எனக்கு 20 வயது' என்பது 'ஓ வெந்த்தான்னி', அதாவது '20 ஆண்டுகள் கொண்டிருக்கிறேன்'.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தல்

கேட்டதைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது பலருடைய வழக்கம். ஆனால் ப, த, க ஆகியவற்றின் வன்மை மென்மையைத் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது. கோழி இறைச்சியைக் குறிக்கும் சொல்லும், அரசு முத்திரையைக் குறிக்கும் சொல்லும் 'பொல்லொ' என ஒரே வடிவம் பெற்றுவிடும். இதைத் தவிர்க்கச் சில எளிய குறியீடுகளை வைத்துக்கொள்ளலாம்.

- மென்மையாக ஒலிக்கும் வல்லின எழுத்தின் கீழ் ஒரு கோடு இடுதல்.
- மெல்லினத்தின் பின் வல்லினம் வன்மையாக ஒலித்தால் ந்த்த, ங்க்க, ம்ப்ப என எழுதுதல்.
- அழுத்தம் பெறும் அசையின் மேல் ஒரு புள்ளியோ சிறு கோடோ இடுதல்.

முதல் சில வாரங்களுக்குப் பிறகு இக்குறிப்பை விட்டுவிட்டு இத்தாலிய எழுத்துக்கு மாறிவிட வேண்டும். இத்தாலிய எழுத்துமுறை ஆங்கிலத்தைப் போல் குழப்பமானதன்று. சில விதிகளைக் கற்றுக்கொண்டால் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம்.

நாள்தோறும் பயிலும் முறை

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது. நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்குச் சென்றுவருபவர்க்கு ஒரு வழிப் பயணமே ஒரு பாடத்துக்குப் போதுமானது. ஆனால் பேருந்தில் வாய்விட்டுப் பேச இயலாது. எனவே நாளை இவ்வாறு பிரித்துக்கொள்ளலாம்.

காலை, 30 நிமிடம்: வீட்டில் அல்லது மாடியில் தனியாக அமர்ந்து ஒரு புதிய பாடம். ஒவ்வொரு விடையையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பயணத்தில், 20 நிமிடம்: அதே பாடத்தை மறுபடி கேட்டல். சத்தமின்றி வாயசைத்தால் போதும்.

மாலை, 10 நிமிடம்: பதிவைப் போடாமல், காலையில் கற்ற தொடர்களை நினைவிலிருந்து சொல்லி, அவற்றைத் தன் கைபேசியில் பதிவு செய்தல். பின் அதை மூலப் பதிவோடு ஒப்பிடுதல். தன் பிழை தன் காதுக்குத் தெரிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

ஒரு பாடத்தில் பெரும்பகுதி விடைகளைத் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தால் அடுத்த பாடத்துக்குச் செல்லலாம். முழுமையாக வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஏனெனில் பின்வரும் பாடங்கள் முன்னவற்றைத் திருப்பிக் கேட்கும்.

முதல் வாரத்திலேயே பழக வேண்டிய தொடர்கள் சில:

- புவொன்ஜோர்னொ – வணக்கம் (பகலில்)
- புவொனசேரா – வணக்கம் (மாலையில்)
- க்ராத்ஸியெ – நன்றி
- பெர் ஃபவோரெ – தயவுசெய்து
- ஸ்கூசி – மன்னியுங்கள் (மரியாதை வழக்கு)
- மி கியாமொ… – என் பெயர்…
- நொன் கபீஸ்கொ – எனக்குப் புரியவில்லை
- புவொ ரிபேத்தெரெ? – மீண்டும் சொல்ல முடியுமா?
- புவொ பார்லாரெ ப்யூ லெந்த்தமெந்த்தெ? – மெதுவாகப் பேச முடியுமா?
- குவாந்த்தொ கோஸ்தா? – என்ன விலை?

இவற்றுள் 'புரியவில்லை', 'மீண்டும் சொல்லுங்கள்', 'மெதுவாகப் பேசுங்கள்' ஆகிய மூன்றும் மிக முக்கியமானவை. புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வருவதால் நேரும் இழப்புகளை இவை தடுக்கும். எண்களையும் தொடக்கத்திலேயே பயில வேண்டும். 60-ஐக் குறிக்கும் 'செஸ்ஸாந்த்தா', 70-ஐக் குறிக்கும் 'செத்தாந்த்தா' ஆகிய இரண்டும் தொலைபேசியில் எளிதில் மாறிக் கேட்கும்.

எவ்வளவு காலம் ஆகும்

அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர்க்கு இத்தாலிய மொழியில் பணித்தேர்ச்சி பெற 24 முதல் 30 வார முழுநேர வகுப்பு தேவை எனக் கணக்கிட்டுள்ளது. இது ஏறத்தாழ 600 முதல் 750 மணிநேரம். அதே நிறுவனம் தமிழுக்கு 44 வாரம் எனக் குறிக்கிறது. தமிழும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர்க்கு இத்தாலியச் சொற்கள் பல ஆங்கிலத்தின் வழியாகவே அறிமுகமாகி இருக்கும் என்பது ஒரு வசதி.

30 நிமிடப் பாடங்கள் 30-ஐக் கேட்டு முடித்தால் மொத்தம் 15 மணிநேரமே ஆகிறது. அது வணக்கம் சொல்லவும், வழி கேட்கவும், விலை பேசவும் உதவும். அதைக் கொண்டு வாடகை ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளவோ, மருத்துவரிடம் நோயை விளக்கவோ இயலாது. '30 நாளில் சரளமாகப் பேசலாம்' என்ற விளம்பரங்களை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒலிப்பாடத்தின் எல்லைகள்

ஒலிப்பாடம் கற்பவரின் பிழையைத் திருத்தாது. அதற்கு எதிரே ஒருவர் இருந்து கேட்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது இணையவழி ஆசிரியருடனோ, இத்தாலியில் வாழும் உறவினருடனோ, உடன் கற்பவருடனோ பேசிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, தேர்வுகள் பேச்சை மட்டும் சோதிப்பதில்லை. சியெனா வெளிநாட்டவர் பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ், பெருஜியா வெளிநாட்டவர் பல்கலைக்கழகம் நடத்தும் செலி, தாந்தே அலிகியேரி கழகம் நடத்தும் பிளிதா ஆகிய சான்றிதழ்த் தேர்வுகளில் படித்தலும் எழுதுதலும் உண்டு. எனவே இரண்டாம் மாதத்திலிருந்து ஓர் இலக்கண நூலும் எழுத்துப் பயிற்சியும் சேர வேண்டும்.

மூன்றாவதாக, பாடத்தில் கேட்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் தெளிவாகப் பேசப்பட்ட பொது மொழி. பலெர்மோ சந்தையிலோ நாப்பொலி தெருவிலோ கேட்பது அதுவன்று. சிசிலிய வழக்கும் நாப்பொலி வழக்கும் ஒலியிலும் சொல்லிலும் வேறுபட்டவை. மேடைத் தமிழ் மட்டும் கற்ற வெளிநாட்டவர் ஒருவர் புதுக்கோட்டை வாரச்சந்தைக்குள் நுழைந்தால் எப்படித் திகைப்பாரோ, அதே திகைப்பு அங்கும் ஏற்படும். பொது மொழியில் அடிப்படை அமைந்தபின், செல்லவிருக்கும் ஊரின் வானொலியையும் அங்கு வாழ்வோரின் பேச்சையும் கேட்டுப் பழகுவது இதற்குத் தீர்வாகும். ராய் நிறுவனத்தின் வானொலி நிகழ்ச்சிகளை இணையத்தில் கேட்கலாம்.

பேச்சு மொழிக்கும் நூல் மொழிக்கும் தனித்தனி இலக்கணம் எழுதிய வீரமாமுனிவர் காலத்தில் ஒலிப்பதிவு இல்லை. ஊர் மக்களின் வாய்ச்சொல்லே அவருக்குப் பாடமாக இருந்தது. இன்று அந்த வாய்ச்சொல்லைக் கைபேசியில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். கேட்டதை உரக்கச் சொல்லிப் பார்ப்பதும், அதைப் பேச ஒரு மனிதரைத் தேடிக்கொள்வதும் மட்டும் அன்றுபோல் இன்றும் கற்பவரின் கையிலேயே உள்ளன.